டயர் சொல்லும் வாட் கணக்கு

நேற்று 200 வாட்டில் அரை மணி நேரம் மிதித்தபோது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிந்தது. இன்றும் திரையில் அதே 200 வாட்தான். பத்தாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது. கால் அதே கால், சைக்கிள் அதே சைக்கிள். வீட்டுக்குள் டிரெய்னரில் சைக்கிள் மிதிக்கிற எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் இந்தக் குழப்பம் வரும். சந்தேகம் முதலில் உடம்பின் மேல் விழும், அடுத்து கைபேசிச் செயலியின் மேல், அப்புறம் கருவிக்குள் இருக்கும் மின்னணுப் பலகையின் மேல். பின்சக்கரத்தை உருளையில் அழுத்தி ஓட்டும் வகை டிரெய்னராக இருந்தால், பெரும்பாலான சமயம் குற்றவாளி இந்த மூவரில் யாருமில்லை. டயரும் உருளையும் தொட்டுக்கொள்கிற, கட்டைவிரல் அகலமே உள்ள அந்தச் சின்ன இடத்தில்தான் கணக்கு பிசகுகிறது.

சென்னைப் புறநகரில் திருவேற்காடு, பருத்திப்பட்டு, அயப்பாக்கம் பக்கமெல்லாம் இந்தக் கருவி ஏன் வீட்டுக்குள் வந்தது என்று கேட்கவே வேண்டாம். பூந்தமல்லி–ஆவடி சாலையில் தண்ணீர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவே பயிற்சி என்று ஒன்று நடக்காது. விடியற்காலையில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குப் போய் மிதிக்கிறவர்களையும் வடகிழக்குப் பருவமழை உட்கார வைத்துவிடும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. கூவம் ஓடுகிற ஊர் இது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு, மழைக்காலத்தில் சாலை என்பது நம்பத்தகுந்த பொருளல்ல என்று தெரியும். ஜனவரியில் 200 கி.மீ. பிரவே என்ற நேரக்கெடு சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர், அதை 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமானால், நவம்பரில் எங்காவது மிதித்தே ஆக வேண்டும். எங்காவது என்றால் ஹாலில்.

சைக்கிளுக்கும் இந்த வட்டாரத்துக்கும் பழைய உறவு. 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில்தான் ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் செய்தது. செயினுக்கு டிஐ டயமண்ட் அம்பத்தூரில், இரும்புக் குழாய்க்கு டியூப் புராடக்ட்ஸ் ஆவடியில். அந்தக் காலத்து ஹெர்குலிஸ் ஓட்டியவர்கள் இன்றைய டிரெய்னரின் மூதாதையை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள்: டைனமோ. பின்சக்கரத்தின் பக்கவாட்டில் புட்டிபோல் நின்று, ஸ்பிரிங்கைத் தட்டினால் டயரில் வந்து சாய்ந்துகொள்ளும். தலையில் ஒரு சின்ன ரம்ப உருளை. டயர் அதைச் சுற்ற, 6 வோல்ட், 3 வாட் விளக்கு எரியும். அந்த 3 வாட்டுக்குக் கால் கொடுத்தது இரண்டு மடங்குக்கும் மேல். மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கி விளக்கு மினுங்கும். ஸ்பிரிங்கை இறுக்கி அழுத்தினால் வழுக்காது, ஆனால் மிதிக்கக் கனக்கும், டயரின் ஓரமும் தேயும். டிரெய்னரில் வருகிற சிக்கல்கள் அத்தனையும் அந்த டைனமோவிலேயே இருந்தன. ஒரே வேறுபாடு, டைனமோ நம்மிடம் வாட் கணக்கு சொல்லவில்லை.

டிரெய்னர் சொல்கிறது. அதுதான் வினை.

அது எப்படிச் சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெடலில் நாம் தருகிற திறன் செயின் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. சக்கரம் உருளையைச் சுற்றுகிறது. உருளையின் ஒரு முனையில் கனமான ஃப்ளைவீல். அதோடு சேர்ந்து ஒரு மின்காந்தப் பிரேக். பிரேக்கில் எவ்வளவு மின்னோட்டம் விடுகிறோம், உருளை எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பது கருவிக்குத் தெரியும். அதிலிருந்து பிரேக் விழுங்கும் வாட்டைக் கணக்கிட்டுவிடும். ஆனால் பிரேக்குக்கு வந்து சேரும் முன்பே ஒரு பங்கு திறன் காணாமல் போயிருக்கிறது: டயர் நசுங்கி நிமிர்வதில், பேரிங்கில், காற்றில். இந்தப் பங்கைக் கருவி நேராகப் பார்க்க முடியாது. டயர் உங்களுடையது, காற்று நீங்கள் அடித்தது, திருகை முடுக்கியதும் நீங்கள். தொழிற்சாலையில் உட்கார்ந்து இதை முன்கூட்டியே யாரும் எழுதிவைக்க முடியாது.

அதற்குத்தான் ஸ்பின்டவுன். கருவிக்குக் கருவி மணிக்கு 30 முதல் 37 கி.மீ. வரை ஏதோ ஒரு வேகத்துக்கு மிதிக்கச் சொல்லும். வேகம் வந்ததும் காலை நிறுத்தச் சொல்லும். சக்கரம் தானாக வேகம் குறைவதைக் கருவி கடிகாரம் வைத்துப் பார்க்கும். பிரேக் விலகியிருக்கும் அந்தச் சில விநாடிகளில் சக்கரத்தை நிறுத்துவது உராய்வு மட்டும்தான் என்பதால், வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறதோ அவ்வளவு உராய்வு.

எண்களோடு பார்த்தால் எளிது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஃப்ளைவீல், உருளை, சக்கரம் எல்லாம் சேர்ந்து 1,500 ஜூல் ஆற்றலை வைத்திருப்பதாகக் கொள்வோம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியாகி 18 கி.மீ.க்கு வரும்போது ஆற்றல் காலாகி 375 ஜூலாகும். இடையில் போனது 1,125 ஜூல். இதற்கு 15 விநாடி ஆனால் உராய்வு சராசரியாக 75 வாட் தின்றிருக்கிறது. 12½ விநாடியிலேயே வேகம் பாதியானால் 90 வாட். இரண்டரை விநாடி வேறுபாடு 15 வாட்டாக வந்து நிற்கிறது. கருவி இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு நீங்கள் மிதிக்கும்போதெல்லாம் பிரேக் கணக்கோடு இதையும் கூட்டித் திரையில் காட்டும்.

கார்க்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். புதிய வண்டியை ஒரு வேகத்துக்கு ஓட்டி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, அது தானாக வேகம் குறைவதை அளந்து சாலையும் காற்றும் தரும் எதிர்ப்பைக் கண்டுபிடிப்பார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் ஒரகடத்தில் உள்ள குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் போன்ற இடங்களில் உருளைமேல் காரை நிற்க வைத்துச் சோதிக்க முடிகிறது. ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையை நிலையாக வைத்திருப்பார்கள், டயர் காற்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். நம் ஹாலில் அந்த வசதியெல்லாம் மின்விசிறி ஒன்றோடு முடிந்துவிடுகிறது.

இப்போது டயருக்கு வருவோம். ரப்பரை இழுத்தால் நாம் கொடுத்த ஆற்றல் முழுவதையும் திருப்பித் தராது. ஒரு பங்கு வெப்பமாகிவிடும். ஒரு ரப்பர் பேண்டை வேகமாகப் பத்து முறை இழுத்து விட்டு உதட்டில் வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். சாலை தட்டையானது; டயர் அதில் மெல்லப் படிந்து எழுகிறது. டிரெய்னரின் உருளையோ சில செ.மீ. குறுக்களவு உள்ளது. டயரின் ஒரே இடத்தில் ஆழமாகக் குழி விழ, அந்தக் குழி விநாடிக்கு நான்கைந்து முறை டயரைச் சுற்றி வருகிறது. அதனால் சாலையைவிட இங்கே இழப்பும் அதிகம், சூடும் அதிகம். பத்து நிமிடம் மிதித்துவிட்டு டயரைத் தொட்டால் தெரிந்துவிடும். (ஓடிக்கொண்டிருக்கும்போது தொட வேண்டாம்.)

சூடான ரப்பர் குளிர்ந்த ரப்பரைவிடக் குறைவாக ஆற்றலைத் தின்னும். ஆகவே ஏறி உட்கார்ந்தவுடன் ஸ்பின்டவுன் செய்தால் கருவி 90 வாட் என்று எழுதிக்கொள்ளும். கால் மணி நேரத்தில் உண்மையான இழப்பு 75-க்கு இறங்கியிருக்கும். கருவியோ பழைய 90-ஐயே கூட்டிக்கொண்டிருக்கும். திரை 15 வாட் கூடுதலாகப் புகழும். இலக்கு வாட்டைக் கருவியே பிடித்துவைக்கும் எர்க் முறையில் இது தலைகீழாக வெளிப்படும்: 200 என்று பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லும், நீங்கள் மிதிப்பது 185. அன்றைக்கு உடம்பு பிரமாதமாக இருப்பதாகத் தோன்றும். மறுநாள் டயர் சூடான பிறகு ஸ்பின்டவுன் செய்தால் உண்மையான 200 வந்து மூச்சை வாங்கும். தொடக்கத்தில் சொன்ன குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. பத்துப் பதினைந்து நிமிடம் மிதித்து டயரைச் சூடாக்கிய பிறகே ஸ்பின்டவுன் என்று எல்லாக் கையேடும் சொல்வது இதனால்தான். எல்லோரும் தாண்டிப் போகிற வரியும் அதுதான்.

காற்றழுத்தம் இன்னொரு கதை. டயருக்குள் அடைபட்ட காற்று சூடாகும்போது அழுத்தம் ஏறும். 27 டிகிரியில் 100 பிஎஸ்ஐ அடித்த டயரின் உள்காற்று 47 டிகிரிக்குப் போனால் அழுத்தம் சுமார் 107.6 ஆகும். வெளிக்காற்றின் 14.7 பிஎஸ்ஐயையும் சேர்த்து, கெல்வின் அளவில் கணக்கிட்டால் வருகிற எண் இது. இந்த ஏழரை பிஎஸ்ஐ என்ன செய்யும் என்பது உங்கள் டிரெய்னரின் கட்டமைப்பைப் பொறுத்தது. திருகு முடுக்கி உருளையை ஒரே இடத்தில் நிறுத்தும் வகையில், டயர் புடைத்தால் உருளைமேல் அழுத்தம் கூடும், இழுவையும் கூடும். ஓட்டுபவரின் எடையோ ஸ்பிரிங்கோ டயரை உருளைமேல் உட்கார வைக்கும் வகையில், புடைத்த டயர் குறைவாக நசுங்கும், இழுவை குறையும். ஆகவே ஒரு நண்பர் காற்று குறைந்தால் வாட் கூடுகிறது என்றும், இன்னொருவர் இல்லை குறைகிறது என்றும் சத்தியம் செய்தால் இருவரையும் நம்பலாம். திருகு வகையில் சூடான ரப்பர் இழுவையைக் குறைக்கப் பார்க்கும், ஏறிய அழுத்தம் கூட்டப் பார்க்கும். பெரும்பாலும் ரப்பர்தான் ஜெயிக்கிறது.

நடைமுறையில் இதற்கு ஒரே மருந்து: ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம், ஒரே பம்ப். பம்புக்குப் பம்ப் கேஜ் நாலைந்து பிஎஸ்ஐ மாறும். பெட்ரோல் பங்கில் ஒருநாளும் வீட்டுப் பம்பில் ஒருநாளும் அடித்துக்கொண்டு துல்லியம் பேச முடியாது. காற்றை முதலில் அடித்து, பிறகு சைக்கிளை மாட்டி, கடைசியில் திருகை முடுக்க வேண்டும். மாட்டி முடுக்கிய பிறகு காற்று அடித்தால் முன்பு எண்ணிய திருகுச் சுற்றுக்கு அர்த்தமில்லை. உருளை டயரைத் தொட்ட இடத்திலிருந்து எத்தனை சுற்று முடுக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். அதை எண்ணி முடுக்கி, திருகின் மேல் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை எண்ணவே வேண்டாம். கையேடு 100 பிஎஸ்ஐ என்கிறதே என்று அகல டயர் போட்ட ஹைப்ரிட் சைக்கிளுக்கு 100 அடித்துவிடக் கூடாது; டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுதான் அங்கே சட்டம். டியூப் வழியாகக் காற்று மெல்லக் கசிவதால், ஞாயிறு அடித்த காற்று வியாழனன்று அதே அளவில் இருக்காது.

பள்ளம் மேடான டயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் விற்கும் ஹைப்ரிட், எம்டிபி சைக்கிள்களில் கட்டை வைத்த டயர்தான் அதிகம். அதை உருளையில் வைத்தால் கட்டைக்குக் கட்டை துள்ளும். சத்தம் கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கும் என்பது ஒருபுறம். உருளையின் வேகம் துள்ளுவதால் ஸ்பின்டவுன் நேரமும் ஒவ்வொரு முறை ஒவ்வொன்றாக வரும். வழவழப்பான டயர் ஒன்று வாங்கிப் பின்சக்கரத்தில் மாட்டுவதைத் தவிர இதற்கு வழியில்லை. சக்கரத்தில் பெண்டு இருந்தாலும் இதே கதைதான். ஸ்போக்கை முடுக்கிப் பெண்டு எடுக்கத் தெரிந்த சைக்கிள் கடைக்காரர் தெருவுக்கு ஒருவர் இருந்த காலம் போய்விட்டது, ஆனால் இன்னும் கிடைக்கிறார்கள்.

அடுத்தது வழுக்கல். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும். முன்னே 50 பல், பின்னே 17 பல், நிமிடத்துக்கு 90 மிதி என்றால் பின்சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 265 முறை சுற்றும். 700×25 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். பெருக்கினால் மணிக்கு 33.4 கி.மீ. வர வேண்டும். டயர் உருளையில் நசுங்குவதால் திரையில் ஒன்றிரண்டு சதவீதம் மாறலாம், அது பாதகமில்லை. மெதுவாக மிதிக்கும்போது கணக்கோடு ஒத்துப்போகிற வேகம், அதே கியரில் அதே 90 மிதியில் முக்கி அழுத்தும்போது 30-க்கு இறங்கினால், டயர் உருளைமேல் சறுக்குகிறது என்று பொருள். வேகத்தை உருளையில் அளக்கும் கருவிக்கு அந்தச் சறுக்கலில் போன திறன் கண்ணுக்கே தெரியாது. உங்கள் உழைப்பு ரப்பர் பொடியாகத் தரையில் கிடக்கும்.

நின்றுகொண்டிருக்கும்போதும் சோதிக்கலாம். ஒரு கையால் ஃப்ளைவீலை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுகையால் பின்சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். டயர் உருளையை விட்டு நழுவினால் கால் சுற்று முடுக்கலாம். அதற்கு முன் டயரையும் உருளையையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பது நல்லது. மழையில் ஓட்டிவிட்டு வந்து அப்படியே டிரெய்னரில் ஏற்றிய டயரில் சாலையின் எண்ணெயும் மண்ணும் இருக்கும். புத்தம் புதிய டயரும் முதலில் வழுக்கும். அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய மெழுகுப் பொருள் அதன் மேல் இருப்பதால். ஆனால் வழுக்கலுக்குப் பயந்து திருகை முறுக்கிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம் பார்க்கிற ரகம். அப்படி இறுக்கினால் டயர் வெந்து, பளபளத்து, கெட்டியாகி, பிறகு முன்னைவிட மோசமாக வழுக்கும். டைனமோ ஸ்பிரிங்கை வளைத்த கைகள் இவை.

சில சமயம் எண் தவறுவதில்லை, ஸ்பின்டவுன் என்கிற கேலிப்ரேஷனே நடக்க மறுக்கிறது. வேகம் குறைய எடுத்த நேரம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று செயலி சொன்னால் எங்கோ உராய்வு கூடியிருக்கிறது. முதலில் பின் பிரேக்கைப் பாருங்கள். சைக்கிளைக் கவ்வியில் மாட்டும்போது சக்கரம் ஒரு மயிரிழை சாய்ந்து பிரேக் கட்டை ரிம்மில் உரசுவது மிகச் சாதாரணம், மட்கார்டும் அப்படியே. அடுத்து ஃப்ரீவீல். காலை நிறுத்தியதும் பெடல் தானாகச் சுற்றப் பார்க்கிறதா? செயின் மேலே தொய்கிறதா? அப்படியானால் ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் இறுகியிருக்கிறது, வேகம் குறையும்போது செயினையும் இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. நேரம் மிக அதிகம் என்று வந்தால் உருளை டயரைச் சரியாகத் தொடவில்லை, அல்லது காற்று போயிருக்கிறது. கேட்ட வேகத்தையே எட்ட முடியவில்லை என்றால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்ற மறந்திருப்பீர்கள். அல்லது டிரெய்னரின் மின்காந்தப் பிரேக் விலகாமல் நின்றிருக்கும், கருவியை மின்சாரத்திலிருந்து பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மாட்டினால் சரியாகும். பாதியில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து.

தொடர்பு அறுந்துபோவது தனி எரிச்சல். ப்ளூடூத்தில் பல டிரெய்னர்கள் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடு மட்டுமே பேசும். கைபேசியில் கேலிப்ரேஷன் செய்த செயலி பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தால், மடிக்கணினிக்கு டிரெய்னர் கண்ணில் படாது. ஆன்ட்+ முறையில் இந்தச் சிக்கல் இல்லை, பலர் கேட்கலாம். ஆனால் இரண்டும் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், வீட்டு வைஃபையும் அதே தெருவில். ஆன்ட்+ ரிசீவரை மடிக்கணினியின் பின்பக்கம் குத்திவைக்காமல் ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் கொண்டுவந்து டிரெய்னருக்குப் பக்கத்தில் வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

இடத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நம் பால்கனிக்கும் மொட்டை மாடிக்கும் தண்ணீர் ஓட வாட்டம் விட்டுத்தான் தளம் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவில் டிரெய்னரின் ஒரு கால் தரையில் பாவாமல் நிற்கும். மிதிக்கும்போது சட்டம் முறுக்கி, டயர் உருளையில் இடமும் வலமுமாக நடனமாடும். அதோடு மேற்குப் பார்த்த பால்கனியாக இருந்தால், மாலை நான்கு மணி வெயிலில் கறுப்பு டயர் மிதிக்கும் முன்பே சூடேறிக் கிடக்கும். நாலரைக்குச் செய்த ஸ்பின்டவுன் ஆறரைக்குப் பொருந்தாது. குளிர்நாட்டுக் கையேடுகள் ஐந்து டிகிரி கராஜிலிருந்து தொடங்கும் டயரை நினைத்து எழுதப்பட்டவை. நம் டயர் 30 டிகிரியிலிருந்து தொடங்குவதால் சூடேறும் தூரம் குறைவு என்பது ஒரு நன்மை. ஏசி அறையில் தொடங்கிவிட்டு நடுவில் மின்சாரச் செலவை நினைத்து நிறுத்துகிறவர்கள் அந்த நன்மையை இழந்துவிடுகிறார்கள்.

டயர் மட்டும் சூடாவதில்லை, பிரேக்கும் சூடாகிறது. நீங்கள் தருகிற வாட்டில் பெரும்பகுதி கடைசியில் அந்தச் சின்னப் பெட்டிக்குள் வெப்பமாகத்தான் முடிகிறது. காந்தப் பிரேக்கின் அடிப்படை, 1855-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ கண்ட சுழல் மின்னோட்டம்: காந்தப்புலத்தில் சுற்றும் உலோகத் தட்டில் மின்னோட்டம் சுழித்து எழுந்து, அந்தச் சுற்றலையே எதிர்க்கும். தட்டு அலுமினியம் என்றால் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அதன் மின்தடை ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 50 டிகிரி சூடேறினால் 20 சதவீதம். மின்தடை ஏறினால் சுழல் மின்னோட்டம் குறையும், சாதாரண வேகங்களில் பிரேக்கின் பிடியும் தளரும். நல்ல கருவிகள் உள்ளே வெப்பமானி வைத்து இதைச் சரிக்கட்டிக்கொள்ளும். விலை குறைந்த, கம்பி இழுத்து நிலை மாற்றும் காந்த டிரெய்னர்களில் சரிக்கட்ட யாருமில்லை. அவற்றின் வேகத்தை மட்டும் பார்த்து, ஆய்வுக்கூடத்தில் வரைந்த ஒரு வளைகோட்டிலிருந்து செயலி வாட்டை ஊகிக்கும். முதல் ஐந்து நிமிடத்திலும் ஐம்பதாவது நிமிடத்திலும் ஒரே வேகத்துக்கு ஒரே வாட்தான் எழுதும். திரவ டிரெய்னரிலும் சூடேறிய எண்ணெய் இளகுவதால் இதே போக்கு.

இவ்வளவுக்கும் பிறகும் எண் ஒத்துவரவில்லை என்றால், கடைசியாக உடம்பைச் சந்தேகிக்கலாம். மனித உடல் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதத்தைத்தான் பெடலுக்குத் தருகிறது. 200 வாட் மிதிக்கிறவர் 600 முதல் 800 வாட் வெப்பத்தை அறைக்குள் விடுகிறார். சாலையில் 30 கி.மீ. வேகக் காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். அறையில், அதுவும் மழைக்கால ஈரக்காற்றில், வியர்வை ஆவியாகாமல் சொட்டும். குளிர்விப்பதற்காக ரத்தம் தோலுக்குப் போக, வியர்வையில் ரத்தத்தின் அளவும் குறைய, அதே வாட்டுக்கு இதயத்துடிப்பு நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து கூட ஏறிவிடும். இதைப் பார்த்து டிரெய்னர் குறைத்துக் காட்டுகிறது என்று திருகைத் தளர்த்துகிறவர்கள் உண்டு. தளர்த்த வேண்டியது திருகையல்ல. இன்னொரு பெடஸ்டல் ஃபேன் வாங்க வேண்டும்.

பெடல் தண்டில் திரிபு உணரி (ஸ்ட்ரெயின் கேஜ்) வைத்த பவர் மீட்டர் இருப்பவர்கள் இரண்டு எண்ணையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள், பார்த்ததும் கவலைப்படுவார்கள். பவர் மீட்டர் செயினுக்கு முன்னால் அளக்கிறது, டிரெய்னர் செயினுக்குப் பின்னால். செயினும் பல்சக்கரங்களும் இரண்டு முதல் நான்கு சதவீதம் எடுத்துக்கொள்ளும். பவர் மீட்டர் கூடுதலாகக் காட்டுவதுதான் சரி. டிரெய்னர் கூடுதலாகக் காட்டினால்தான் யோசிக்க வேண்டும். அதற்கு மேல், இந்த வகை டிரெய்னர்களுக்கு உற்பத்தியாளர்களே 3 முதல் 5 சதவீதப் பிழையை ஒப்புக்கொள்கிறார்கள். 200 வாட்டில் பத்து வாட் இப்படியும் அப்படியும். இந்தப் பத்து வாட்டைத் துரத்திக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை என்பது என் கட்சி. வீட்டு எடைக்கருவி அரைக் கிலோ கூடக் காட்டினாலும், என்றும் அதே அரைக் கிலோ கூடக் காட்டினால் உடம்பு இளைக்கிறதா என்று தெரிந்துவிடும். டிரெய்னரிடமும் அதையே கேட்கிறோம். ஆகவே ஒரு நோட்டில் தேதி, காற்றழுத்தம், அறை வெப்பம், ஸ்பின்டவுன் விநாடி நான்கையும் எழுதிவருவது, புதிய டயர் வாங்குவதைவிடப் பயன் தரும். விநாடி ஒருநாள் சட்டென்று மாறினால் அன்றைக்கு என்ன மாறியது என்று நோட்டே காட்டிக்கொடுக்கும். சரிபார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். காற்றும் அடித்து, திருகையும் முடுக்கி, செயலியையும் புதுப்பித்துவிட்டால் எது குணமாக்கியது என்று யாருக்கும் தெரியாது.

பவர் மீட்டர் இல்லாமல் உண்மை வாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: மேடு. புவியீர்ப்புக்குக் கேலிப்ரேஷன் தேவையில்லை. திருவேற்காட்டைச் சுற்றி மேடு என்று சொல்ல மேம்பாலம்தான் உண்டு, அதனால் 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரி மாதிரி ஒரு மலைக்குப் போக வேண்டியிருக்கும். 72 கிலோ ஆளும், 13 கிலோ சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 85 கிலோ. 100 மீட்டர் உயரம் ஏற 83,300 ஜூல் வேண்டும். 6 சதவீத ஏற்றத்தில் அது ஏறக்குறைய 1.7 கி.மீ. தூரம். ஏழு நிமிடத்தில் ஏறினால் மலைக்கு மட்டும் 198 வாட். காற்றுக்கும் சாலைக்குமாக இன்னும் 30 வாட் போடலாம். இதயத்துடிப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஏறி, வீட்டுக்கு வந்த பிறகு அதே துடிப்பில் டிரெய்னர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கலாம். மலைக்காற்று திருவேற்காட்டு ஹாலைவிடக் குளிர்ச்சி என்பதால், அங்கே துடிப்பு சில எண்கள் குறைவாகவே இருக்கும். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.